அழுகை ஸ்வரம்

இடி அண்ணனுக்கு வலது காது மந்தமாகிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் ட்ரம்ஸ் அடித்தவருக்குக் காது என்று ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம் என்று சொல்லி, டாக்டர் அவரை என் அறைக்கு அனுப்பினார். காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. சத்தம் புகாத ஒரு சின்னக் கூண்டு, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு ஹெட்போன். வெளியே நானும் என் பொத்தான்களும். வருகிற எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வேன்: "சத்தம் கேட்டா கை தூக்குங்க."

இடி அண்ணன் வராத சத்தத்துக்கெல்லாம் கை தூக்கினார்.

"அண்ணே, நான் இன்னும் பொத்தானையே அமுக்கல."

"நீ அமுக்கப் போறேன்னு உன் தோளைப் பார்த்தாலே தெரியுதும்மா. பழக்க தோஷம்."

அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி மறுபடி ஆரம்பித்தேன். இடது காது பரவாயில்லை. வலது காதுக்கு மெஷின் வைக்க வேண்டியிருக்கும். வெளியே வந்தவர் ஹெட்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டியே?"

"படுவேன். சொல்லுங்க."

"நம்ம ஆல்பத்தை மறுபடி கொண்டு வர்றாங்க. பெரிய இசைத்தட்டா, உள்ளே படமெல்லாம் வெச்சு. பின்னட்டை முழுக்க ஆக்டோபஸ் படம்தானாம்."

"பேஸ் கிட்டார் வாசிச்சது யாருன்னு போடுறாங்க?"

இடி அண்ணன் இப்போது இரண்டு காதும் போனவர் மாதிரி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

புரோக்ரெசிவ் ராக் என்று ஒரு வகை இசை இருக்கிறது. ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். தாளம் நாலில் ஆரம்பித்து ஏழுக்குத் தாவி, பதினொன்றில் கொஞ்சம் நொண்டி, எங்கே முடிந்தது என்று வாசித்தவனே யோசிக்கும் இடத்தில் முடியும். அதற்கு ஆட முடியாது, அதை வைத்துக் காதலிக்கவும் முடியாது. கணக்குப் பண்ணலாம். கேட்கிறவர்களும் கணக்குப் பேர்வழிகள்தான். எந்த பேஸ் கிட்டார்காரன் கை வேகம், எவன் இரண்டு விரலில் வாசிக்கிறான், எவன் மூன்று விரல், எவனுக்கு ஏழில் இடறும் என்று சண்டை போட்டே ஆயுசைக் கழிப்பார்கள். நானும் அந்தக் கும்பலைச் சேர்ந்தவள்தான், மறுக்கவில்லை.

அந்த ஆல்பம் என் அண்ணனின் பேண்ட் போட்டது. அண்ணன் கீபோர்டு, இடி அண்ணன் ட்ரம்ஸ், நான் பேஸ். கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு நீளமான பேஸ் சோலோ வரும். ஏழு தாளத்தில், பின்னால் ட்ரம்ஸ் மட்டும். அதை அமைத்ததும் நான், வாசித்ததும் நான். அப்போது எனக்கு எட்டாவது மாதம். பேஸை வயிற்றுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க வாசித்தேன். கனமான கம்பியை மீட்டும்போதெல்லாம் உள்ளே இருந்தவள் புரண்டு படுப்பாள்.

பேஸுக்கு நாலு கம்பி. கனமான கம்பியை எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவதுதான் தரைத்தளம். அதற்குக் கீழே ஸ்வரம் கிடையாது. என் சோலோவுக்கு அந்தத் தரைக்கும் கீழே ஒரு படி தேவைப்பட்டது. அதனால் ஒரு காரியம் செய்தேன். கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இடது கையை மேலே கொண்டுபோய், முறுக்குத் திருகைத் தளர்த்தினேன். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தது. 

அதில் ஒரு வினை இருந்தது. கம்பி தளர்ந்துவிட்டதால், சோலோ முடிகிற வரை அந்தக் கம்பியில் மட்டும் எல்லா ஸ்வரத்தையும் இரண்டு ஃப்ரெட், அதாவது பேஸின் கழுத்தில் இரண்டு கட்டம், தள்ளி அழுத்த வேண்டும். ஐந்தாவதில் வைக்க வேண்டிய விரலை ஒரே ஓர் இடத்தில் பழக்கத்தில் மூன்றாவதில் வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்: உள்ளே இருந்தவள் சரியாக அந்த நேரம் பார்த்து விலாவில் ஓர் உதை விட்டாள். நான் நினைத்த ஸ்வரத்துக்குப் பதில், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று சற்றுக் கீழே வந்து விழுந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி எடுக்க எனக்கு மூச்சு இல்லை. அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆல்பம் வெளிவந்தபோது நான் பிரசவ வார்டில் இருந்தேன். உறையில் பேஸ் என்பதற்கு எதிரே அண்ணியின் தம்பி பேர் இருந்தது. அழகன். வேகமான விரல்கள். மூன்று விரலால் மீட்டுவான், அதனால் ரசிகர்கள் ஆக்டோபஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். ரெக்கார்டிங் நடந்தபோது அவன் அந்தக் கட்டிடத்துப் பக்கமே வரவில்லை.

"மேடையில நிக்கப் போறவன் பேரைத்தானே போட முடியும்?" என்றான் அண்ணன், குழந்தையைப் பார்க்க வந்த இடத்தில். "நீ இனிமே தொட்டில் ஆட்டப் போறே. உனக்கு எதுக்குடி அது?"

அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் பொழைப்பு அது. நீ ஒண்ணும் கிளறாதே" என்றாள்.

நான் கிளறவில்லை. பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் அந்தத் தப்பு ஸ்வரம் என்னவெல்லாம் ஆகிவிட்டது தெரியுமா? அதற்கு ரசிகர்கள் "அழுகை ஸ்வரம்" என்று பேர் சூட்டினார்கள். எல்லா ஸ்வரமும் மேலே போகும்போது அது மட்டும் ஏன் கீழே விழுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆக்டோபஸ் ஒரு பேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த வாரம் எங்க அப்பா தவறிட்டாரு. அழுகை விரல் வழியா வந்துடுச்சு." அந்த வாரம் அவன் அப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பேப்பரைக் கீழே வைக்காமல், சர்க்கரை கம்மியாக இரண்டாவது காபி கேட்டுக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்தது நான்.

இந்த விஷயத்தில் எல்லாரையும்விடப் பெரிய ஆராய்ச்சிக்காரன் ஒருவன் உண்டு. பேஸ்காரர்களை ஒப்பிட்டு வீடியோ போடுவதே அவன் தொழில். வலது கைக்கு இவ்வளவு, இடது கைக்கு இவ்வளவு, தாளத்துக்கு, சத்தத்தின் சுத்தத்துக்கு என்று பிரித்து மார்க் போடுவான். அரை மார்க்கை விட்டுக்கொடுக்க மாட்டான். அதனால் அவனுக்குத் தராசு என்று பேர். அழுகை ஸ்வரத்துக்கு மட்டும் ஒரு மணி நேர வீடியோ போட்டிருந்தான். உலகத்தில் இப்படி ஒரு ஸ்வரத்தைத் தைரியமாக வைக்க ஆக்டோபஸால் மட்டுமே முடியும் என்பது அவன் தீர்ப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோவை நான் முழுக்கப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தத் தட்டு வெளியீட்டுக்கு முன்னாடி தராசு ஒரு நிகழ்ச்சி நடத்துறான்" என்றார் இடி அண்ணன், ஹெட்போனை ஒருவழியாக ஆணியில் மாட்டிவிட்டு. "ஆக்டோபஸோட போட்டி போட ஒருத்தரைத் தேடுறான். யார் வேணா வாசிச்சு அனுப்பலாமாம். திரைக்குப் பின்னாடி ரெண்டு பேரும் வாசிப்பாங்க, அவன் பார்க்காம மார்க் போடுவான். நான்தான் ட்ரம்ஸ்."

"உறை அச்சுக்குப் போயிடுச்சா?"

"நிகழ்ச்சில எடுக்கிற படத்தையும் சேர்த்துப் போடப் போறாங்க. அப்புறம்தான்."

அப்படியென்றால் நேரம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. இடி அண்ணன் ஓரடி பின்னால் போனார்.

"என்னம்மா, உன் சிரிப்பே சரியில்ல."

"அண்ணே, உங்க இடது காது தெளிவா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கு மேடையில யாராவது உங்களை ஏதாவது கேட்டா, காது கேக்கலன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பார்த்துக்கோங்க."

அன்றைக்கே பரணில் இருந்து பேஸை இறக்கினேன். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "யாரைக் கொல்லப் போறே?" என்று மட்டும் கேட்டார். பேரைச் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமைன்னா எனக்கும் லீவுதான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் என் கூண்டைவிட நல்ல சாதகக் கூடம் எங்கே கிடைக்கும்? மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கை கொப்புளித்தது, உடைந்தது, காய்த்தது. ஏழு தாளம் திரும்பி வந்தது. வேகம் அவ்வளவாகத் திரும்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எரிச்சலோடுதான் சொல்கிறேன்: ஆக்டோபஸ் என்னைவிட வேகம், என்னைவிடச் சுத்தம். வருஷக்கணக்கில் மேடை மேடையாக என் சோலோவை வாசித்துத் தீட்டியிருக்கிறான். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால் அவன்தான் அசல், நான் நகல். 

ஆனால் அவனிடம் இருந்தது ஐந்து கம்பி பேஸ். நாலாவது கம்பிக்கும் கீழே இன்னொரு தடித்த கம்பி. தட்டில் கேட்ட அந்தக் கீழ் ஸ்வரத்தை அதில்தான் இழுத்து வாசிப்பான். நாலு கம்பியில் அது எப்படி வந்திருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை. யோசிக்க அவனுக்கு என்ன அவசியம்? தராசின் நிகழ்ச்சியிலோ எல்லாரும் ஒரே பேஸில்தான் வாசிக்க வேண்டும். கடையில் இருக்கும் சாதாரண நாலு கம்பி பேஸ். அந்த விதிக்குக் காரணமே ஆக்டோபஸ்தான். முன்னொரு பேட்டியில், "திறமை கையில இருக்கு, கட்டையில இல்ல" என்று பெருமை அடித்திருந்தான். தராசு அதை அப்படியே பிடித்து விதியாக்கிவிட்டான்.

பதினொன்று தாளத்தில் ஒரு துண்டை வாசித்துத் தராசுக்கு அனுப்பினேன். பேர் கேட்ட இடத்தில் "காதுக்காரி" என்று போட்டேன். தேர்வாகிவிட்டேன் என்று பதில் வந்தது. கூடவே, வலது கையில் கொஞ்சம் அழுத்தம் குறைவு என்று ஓர் அறிவுரை.

நிகழ்ச்சி நடக்கும் இசைக்கருவிக் கடைக்கு வாங்குகிறவள் மாதிரி நாலைந்து தடவை போனேன். அந்த பேஸை மடியில் வைத்துத் திருகைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக உட்கார்ந்திருந்தேன். என்னுடையதைவிட அது இறுக்கம். முக்கால் சுற்றுச் சுற்றினால் நான் நினைத்த இடத்துக்கு வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு செய்யப் பழகினேன்.

"மேடம், நீங்க வாசிக்கவே மாட்டேங்கறீங்க. திருகறீங்க, வெக்கறீங்க, போறீங்க" என்றார் கடைக்காரர். "வாங்கற ஐடியா இருக்கா?"

"திருகு நல்லா இருந்தாத்தான் வாங்குவேன்" என்றேன்.

நிகழ்ச்சி கடையின் மாடியில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஒரு கறுப்புத் திரை, திரைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்காரத் தராசுக்கு ஒரு மேஜை. கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. முன்வரிசையில் அண்ணனும் அண்ணியும், இசைத்தட்டு போடுகிற கம்பெனிக்காரரும். மூன்றாவது வரிசையில் என் கணவரும் மகளும். அண்ணன் அவர்களைப் பார்த்ததும் என்னைத் தேடினான். திரைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"நீ எங்கே இங்கே?"

"வாசிக்க வந்தேன், அண்ணா."

"அந்தக் காதுக்காரி நீயா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அசிங்கப்படப் போறே. அவன் கிட்ட நிக்க முடியாது உன்னால. வீட்டுக்குப் போடி."

"தொட்டில் காலியா இருக்கு அண்ணா. ஆட்ட ஆள் வேண்டாம்."

முதல் சுற்று பதினொன்று தாளத்தில். ஆக்டோபஸ் முதலில் வாசித்தான், பிறகு நான். தராசு திரும்பிப் பார்க்காமலே மார்க் சொன்னான். முதலில் வாசித்தவருக்கு எல்லாவற்றிலும் அதிகம், இரண்டாமவருக்குத் தாளத்தில் மட்டும் முழு மார்க். நியாயமான தீர்ப்பு. ஆக்டோபஸ் என் பக்கம் குனிந்து, "நல்லா வாசிச்சீங்க அக்கா, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்" என்றான். அந்தக் கருணையை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்து சோலோ. ஆக்டோபஸ் தன் உதவியாளரிடம் கை காட்டினான். "என் பேஸைக் கார்லேர்ந்து கொண்டு வரச் சொல்லுங்க. இதுக்கு அது வேணும்."

"ஒரே பேஸ்தான் சார்" என்றான் தராசு, திரும்பாமலே. "திறமை கையில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

கூட்டம் கைதட்டியது. ஆக்டோபஸும் சிரித்தான். வேறு வழியில்லை.

வாசித்தான். ஐயோ, என்ன வாசிப்பு! நான் திக்கித் திணறும் இடங்களில் அவன் நடந்து போனான். அந்தக் கீழ் ஸ்வரம் வரும் இடத்தில் மட்டும் மேலே தாவி, அதே ஸ்வரத்தை உச்சத்தில் வாசித்துச் சமாளித்தான். கூட்டத்தில் ஒரு "ஸ்ஸ்" கேட்டது. நாலு கம்பியில் அவ்வளவுதான் முடியும் என்று எல்லாரும் மன்னித்தார்கள். அழுகை ஸ்வரத்தை நடுக்கி நடுக்கிக் காட்டினான். யாரோ விசும்பினார்கள்.

என் முறை. பேஸை மாட்டியதும், முதல் சுற்றின் பரபரப்பில் கவனிக்காத ஒரு வழவழப்பு கையில் தெரிந்தது. கம்பிகள் புதுசு. நிகழ்ச்சிக்காகக் கடைக்காரர் அன்று காலையில் மாற்றியிருக்கிறார். புதுக் கம்பி இழுபடும். நான் பழகிய முக்கால் சுற்று இனி உதவாது.  இடி அண்ணன் ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்து என் தோளைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஏழு ஆரம்பித்தது.

பாதி தூரம் போகும்வரை நான் அவனுக்குக் கீழ்தான். அதற்கு நான் கவலைப்படவில்லை. அந்த இடம் வந்தது. கனமான கம்பியை வெறுமனே மீட்டினேன், இடது கை திருகுக்குப் போனது. முக்கால் சுற்று தாண்டியும் ஸ்வரம் வந்து சேரவில்லை, அந்தரத்தில் நின்றது. வருஷக்கணக்கில் ஊரார் காதையெல்லாம் சோதித்தவள் நான். காதை மட்டும் நம்பி இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். வழுக்கிக்கொண்டே போய்த் தரைக்குக் கீழே உட்கார்ந்தது. தட்டில் இருக்கும் அதே சத்தம்.

தராசு தன் விதியைத் தானே மறந்து எழுந்து திரும்பிவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நிறுத்துங்க! இது எப்படி வந்துச்சு? யாராவது திரையை விலக்குங்க."

விலக்கினார்கள். நான் பேஸோடு நின்றேன். முன்வரிசையில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"மறுபடி வாசிக்கிறேன்" என்றேன். "என் கையைப் பார்த்துக்கிட்டே கேளுங்க."

கம்பியை மறுபடி முறுக்கிச் சுதி சேர்த்து வாசித்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருகைத் தளர்த்தினேன். பிறகு மெதுவாக அழுகை ஸ்வரத்துக்கு வந்தேன். அங்கே நிறுத்தி, மூன்றாவது ஃப்ரெட்டில் இருந்த விரலை எடுக்காமல் பேஸின் கழுத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"கம்பி தளர்ந்திருக்கு. அதனால இங்கே அஞ்சாவதுல வைக்கணும். நான் மறந்துட்டு மூணாவதுல வெச்சுட்டேன். நீங்க ஒரு மணி நேரம் பேசின ஸ்வரம் இதுதான். இது அழுகை இல்ல, விரல் தப்பு. அப்போ எனக்கு எட்டாவது மாசம். என் பொண்ணு உதைச்சா. உதைச்சவ அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா."

என் மகள் எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கையை அசைத்தாள்.

தராசின் முகத்தில் ரத்தமே இல்லை. பாவம், அவன் நேர்மையானவன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மேடைக்கு ஏறி வந்து, தானே மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தான். ஐந்தாவதையும் அழுத்திப் பார்த்தான். பாட்டில் சேர்கிற ஸ்வரம் ஐந்தாவதில் இருந்தது. பிறகு ஆக்டோபஸைப் பார்த்துக் கேட்டான்.

"சார், ரெக்கார்டிங்ல நீங்க இந்த இடத்தை எந்த பேஸ்ல வாசிச்சீங்க?"

"அது... ரொம்ப நாளாச்சு. அஞ்சு கம்பியாத்தான் இருக்கும்."

"அஞ்சு கம்பியில கம்பியைத் தளர்த்தவே வேண்டாமே சார். தளர்த்தலன்னா விரல் ஏன் தப்பா விழுது?"

ஆக்டோபஸின் கை தானாக மேலே வந்தது, எதையோ அழுத்தப் போகிறவன் மாதிரி. மூன்று விரலும் காற்றில் நின்றன. "அப்பா இறந்த..." என்று ஆரம்பித்தான்.

"உங்க அப்பா அப்போ எங்க வீட்டுல காபி குடிச்சிட்டிருந்தார் தம்பி" என்றேன். "உங்க அக்காகிட்டயே கேளுங்க."

அண்ணி கேட்காமலே அழ ஆரம்பித்தாள். தராசு இடி அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க ரெக்கார்டிங்ல இருந்தீங்களே. யாரு வாசிச்சது?"

இடி அண்ணன் வலது காதுக்குக் கையைக் கொண்டு போனார். நான் அவருடைய இடது காதைப் பார்த்தேன். கையை இறக்கிவிட்டார்.

"இவதான். வயித்துல பேஸை வெச்சுக்கிட்டு. இவன் அந்தக் கட்டிடத்துக்கே வரல."

இனித்தது. வேறு என்ன சொல்ல? ஆக்டோபஸ் படிக்கட்டில் இறங்கும்போது நின்றவர்கள் வழி விட்டார்கள், யாரும் கைகொடுக்கவில்லை. வாசலில் என்னிடம் வந்தான். "அக்கா, மாமா சொன்னாரு, நான் நின்னேன். நான் என்ன பண்ணுவேன்?" அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. "பேட்டியில அழுதீங்களே, அதை மாமாவா சொன்னார்?" என்று கேட்டேன். போய்விட்டான்.

அண்ணன் எல்லாரும் போகக் காத்திருந்து வந்தான்.

"வீட்டுக்குள்ள பேசியிருக்கலாம். பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டே."

"வீட்டுக்குள்ள என்னை யாரு பேச விட்டாங்க?"

"சரி விடு. ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் போட்டுடலாம். கம்பெனிக்காரர்கிட்ட நான் சொல்றேன்."

"அவன் அதுல எந்த ஸ்வரம் வாசிச்சான்னு சொல்லு அண்ணா. அந்த ஸ்வரத்துக்கு அவன் பேரைப் போட்டுக்கோ."

கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அண்ணனைப் பார்க்காமல் என்னிடம் முழுப் பேரைக் கேட்டார். சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "அண்ணன் சாப்பிடல. அவ அழுதுட்டே இருக்கா. இப்போ திருப்தியா உனக்கு?"

"திருப்திம்மா."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.  போனை வைத்துவிட்டாள்.

இசைத்தட்டு வந்தது. பின்னட்டையில் ஆக்டோபஸ் இல்லை. ஒரு நாலு கம்பி பேஸின் படம், கீழே என் பேர். தராசு பழைய வீடியோவை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குப் புது வீடியோ போட்டான். அதில் எனக்கு வலது கைக்கு மார்க் கம்மிதான்.

கொஞ்ச மாதம் கழித்து, வரிசைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் என் அறை வாசலில் நின்றான். காதுக்குள் விசில் சத்தம் கேட்கிறதாம், டாக்டர் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். அன்று வேறு ஆள் இல்லை, நான்தான். உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்தேன்.

"பேர் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். "என்னடி இது? என் பேர் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இங்க யாரு பேரையும் நானா போட மாட்டேன். அவங்க வாயால சொல்லணும், அப்படியே போடணும். மாத்திப் போட்டா ஒருத்தர் காது இன்னொருத்தர் கணக்குல போயிடும்."

கையில் இருந்த வரிசைச் சீட்டை நாலாக மடித்தான். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு தன் பேரைச் சொன்னான், இனிஷியலோடு. சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். ஓர் எழுத்து பிசகாமல் அடித்தேன்.

"உள்ளே போய் ஹெட்போன் மாட்டிக்கோங்க. சத்தம் கேட்டா கை தூக்குங்க."

கதவைச் சாத்தினேன். உச்சத்தில் இருக்கும் கீச்சுச் சத்தங்கள் அவனுக்குக் கொஞ்சம் போயிருந்தன, கீபோர்டுக்காரர்களுக்குப் போவதுதான். அப்புறம் கீழே இறங்கினேன். தடித்த சத்தங்கள், பேஸ் வாழுகிற இடம். ஒவ்வொன்றுக்கும் உடனே கை தூக்கினான். இருப்பதிலேயே கீழான சத்தத்தை, இருப்பதிலேயே மெதுவாக வைத்து அனுப்பினேன். அதற்கும் தூக்கினான்.

கீழ்ச் சத்தங்கள் எல்லாம் நன்றாகவே கேட்கின்றன என்று எழுதினேன். அதற்குக் கீழே, பரிசோதித்தவர் என்ற இடத்தில், என் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தேன்.